மேற்கோள் எண்ணிக்கையை வைத்து நெறியாளரை எடைபோடலாமா?

கும்பகோணம் மாணவி:
புரதக் கட்டமைப்பை ஆராயும் ஒருவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர எண்ணியுள்ளேன். குறுவை அறுவடைக்குள் முடிவைச் சொல்லுமாறு அப்பா கேட்கிறார். அந்த நெறியாளருடைய எச்-குறியீடு 18; ஆனால் அவர் கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் சுட்டிய மொத்த மேற்கோள்களில் பாதிக்கு மேல் ஒரே கட்டுரைக்கு வந்தவை. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

தஞ்சாவூர் ஆய்வாளர்:
தலா 18 மேற்கோள்களாவது பெற்ற 18 கட்டுரைகள் அவருக்கு உள்ளன என்பதே அதன் பொருள். அந்த ஒற்றைக் கட்டுரை இன்னும் ஆயிரம் மேற்கோள்கள் பெற்றாலும் அந்த எண் நகராது. ஆகவே அந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்று பாருங்கள். படிகக் கட்டமைப்புகளைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஷெல்ட்ரிக் 2008-இல் எழுதிய கட்டுரையைப் படிகவியலாளர்கள் திரளாகச் சுட்டியதால், அது வெளியான ஆக்டா கிரிஸ்டலோகிராபிக்கா ஏ இதழின் தாக்கக் காரணி (ஒரு கட்டுரைக்குச் சராசரியாக வரும் மேற்கோள்கள்) ஏறத்தாழ 2-இலிருந்து 2009-இல் 50-ஐ நெருங்கியது. கருவிக் கட்டுரைகளின் இயல்பு அது, குறையன்று.

மயிலாடுதுறை பேராசிரியர்:
எண்ணில் அடங்காத தாக்கமும் உண்டு, அம்மா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் 1963-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலியில் எந்த முறுக்குக் கோணங்கள் இயலும் என்று காட்டும் வரைபடத்தைக் கொண்டுதான் இன்றும் புரதக் கட்டமைப்புகளைச் சரிபார்க்கிறோம். ஆனால் பலர் மூலக் கட்டுரையைச் சுட்டாமல் பெயரை மட்டும் குறிப்பிட்டுச் செல்கிறார்கள். நீங்கள் புரதத் தரவு வங்கியில் உங்கள் நெறியாளர் பெயரைத் தேடி, ஒரு பதிவைத் திறந்து, பிரிதிறன் (கட்டமைப்பு எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்பது) எத்தனை ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), அந்த வரைபடத்தில் விலகி நிற்பவை எத்தனை விழுக்காடு என்று பாருங்கள்; இரண்டும் சிறிதாக இருந்தால் நல்லது. கட்டுரைகளில் முதல் பெயர் அவருடைய மாணவர்களுடையதாக இருந்தால், அவர் மாணவர்களை வளர்க்கிறார் என்பதற்கு எனக்கு அதுவே பெரிய சான்று.

கும்பகோணம் மாணவி:
மிக்க நன்றி ஐயா. பார்த்தேன்: பிரிதிறன் 1.8 ஆங்ஸ்ட்ராம், விலகியவை 0.2 விழுக்காடு. முதல் பெயர்களும் பெரும்பாலும் மாணவர்களுடையவையே.