பெரியம்மா எடுத்து வைத்த ஏழு ஜாக்கெட்

சனிக்கிழமை, எங்கள் குடும்ப அரட்டைக் குழுவில்

மியூனிக் அக்கா: பெரியம்மா, அக்டோபர் 10 ஐரோப்பா கிளம்புகிறீர்கள், இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஜாக்கெட் எடுத்தாச்சா?

பெரியம்மா: ஏழு எடுத்து வைத்துவிட்டேன் கண்ணு. எல்லாப் புடவைக்கும் மேட்ச். பச்சைக்கு மட்டும் ஒரு கொக்கி விட்டுப்போயிருக்கிறது, நாளைக்குத் தைத்துவிடுவேன்.

மியூனிக் அக்கா: ஐயோ, அந்த ஜாக்கெட் இல்லை பெரியம்மா. குளிருக்குப் போடுவது.

பெரியப்பா: அது முடிந்த விஷயம். மாடி வீட்டுப் பையன் கனடாவிலிருந்து கொண்டுவந்ததைத் தருகிறேன் என்றிருக்கிறான். தொடைவரை வருகிறது, தொப்பியில் ரோமமெல்லாம் வைத்து. எடை போட்டேன், 2 கிலோ 100 கிராம். இந்த ஒன்று போதும், எந்தக் குளிரும் கிட்ட வராது.

நான்: பெரியப்பா, டிக்கெட்டில் கைப்பைக்கே 7 கிலோதான் போட்டிருக்கிறது.

பெரியப்பா: போட்டுக்கொண்டே ஏறுவேன்.

நான்: கோயம்புத்தூர் வெயிலிலா?

மியூனிக் அக்கா: பெரியப்பா, நீங்கள் போகிற வழியைப் பாருங்கள். பாரிஸில் அக்டோபர் நடுவில் பகலில் 15, 16 டிகிரி இருக்கும், காலையில் 8, 9, நடுவில் தூறல் வந்து வந்து போகும். ரோமில் மதியம் 20 தாண்டிவிடும், இந்தக் கனடா கோட்டைத் தூங்கிப்போன குழந்தையைப் போல் தோளில் போட்டுக்கொண்டு கொலோசியம் முழுக்கச் சுற்ற வேண்டியதுதான். அது உதவப்போவது சுவிஸ் பனிமலை மேலே இருக்கிற யுங்ஃபிராவ்யோக் ஒரே இடத்தில். அங்கேயும் ரயில் மலையைக் குடைந்து உள்ளேயே போய் நிற்கும், வெளியே பனியில் நீங்கள் நிற்கப்போவது அதிகம் போனால் அரை மணி.

பெரியப்பா: அந்த அரை மணியில்தான் நான் விறைத்துப்போவேன்.

மியூனிக் அக்கா: கணக்குப் போடுவோம். கீழே இன்டர்லாக்கன் ஊர் கிட்டத்தட்ட 570 மீட்டர் உயரம், மேலே ஸ்டேஷன் 3,454 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால் 19 டிகிரி போய்விடும். கீழே 14 என்றால் மேலே மைனஸ் 5, காற்றடித்தால் இன்னும் கடுமை. ஆனால் அதற்கு ஒரே தடிக் கோட்டுத் தேவையில்லை. மழை, காற்று இரண்டையும் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட் ஒன்று, வழக்கமாகப் போடுவதைவிட ஒரு சைஸ் பெரியதாக. உள்ளே ஒரு ஃபிளீஸ், அதற்குள் தெர்மல் உள்ளாடை. ரோமில் ஜாக்கெட் மட்டும், பாரிஸில் ஃபிளீஸும் சேர்த்து, மலையில் மூன்றும். இங்கே ஜெர்மன்காரர்கள் இதை வெங்காய உடை என்றுதான் சொல்வார்கள்.

பெரியம்மா: வெங்காயமா, நன்றாக இருக்கிறது.

திருப்பூர் மாமா: இப்போதுதான் பார்த்தேன். பாப்பா சொல்வது சரி மச்சான். சூடு துணியில் இல்லை, துணிக்குள் அடைபட்டு நிற்கிற காற்றில்தான் இருக்கிறது. ஃபிளீஸ் என்பது பாலியெஸ்டர் நிட்டுதான், பிரஷ் போட்டு இழையை எழுப்பிவிடுவார்கள், அந்தப் புசுபுசுவுக்குள் காற்று நின்றுகொள்ளும். ஒன்று மட்டும் கேளுங்கள், பனியன் கம்பெனிக்காரன் நானே சொல்கிறேன், மலைக்குப் போகிற அன்று உள்ளே காட்டன் பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு லேசில் காயாது, வெளியே வந்து நின்றதும் முதுகில் ஐஸ் வைத்ததுபோல் இருக்கும்.

நான்: மாமா, இறகு வைத்தது வருகிறதே, சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுக்கு அடங்குகிறது, அது எப்படி?

திருப்பூர் மாமா: எடைக்கு அதைப்போல் சூடு வேறெதிலும் கிடையாது. ஆனால் நனைந்தால் இறகு கட்டிக்கொள்ளும், சூடும் போய்விடும். ஃபிளீஸுக்குப் பதிலாக ஜாக்கெட்டுக்குள் போடலாம், தூறலில் அதை மட்டும் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: வாங்கியாச்சு. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. வாட்டர்புரூஃப் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். நம்பாமல் மொட்டை மாடிக்குப் போய் என்னுடையதைப் போட்டு நின்றேன், உன் பெரியம்மா மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினாள். இரண்டு நிமிடம் தண்ணீர் முத்து முத்தாக ஓடியது, அப்புறம் தோள்பட்டை இரண்டும் தொப்பல்.

பெரியம்மா: முப்பது வருஷக் கோபத்தையும் சேர்த்து ஊற்றினேன்.

திருப்பூர் மாமா: உள்பக்கம் திருப்பித் தையலை போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

திருப்பூர் மாமா: பார்த்தேன். தையல்மேல் டேப் ஒட்டவே இல்லை. ஊசி போன ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே பூசியிருக்கிற பூச்சுதான் தண்ணீரை முத்தாக ஓடவிடும், ஒரு தூறலுக்கு அது தாங்கும், மழைக்குத் தாங்காது. லேபிளில் 10,000 மி.மீ. மாதிரி ஏதாவது எண் இருக்கிறதா? 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் வருகிற அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம்.

பெரியப்பா: எண் ஒன்றுதான் இருக்கிறது, விலை. மாற்றிக் கொடுங்கள் என்றால் நனைத்த துணியைத் திரும்ப எடுக்க மாட்டாராம்.

நான்: நனையாது என்று அவர்தானே சொன்னார்!

பெரியப்பா: அதையேதான் நானும் கேட்டேன். அரை மணி நேரம் கேட்டேன். கடைசியில் என்னுடையதை நானே வைத்துக்கொண்டேன், நனைக்காத அவளுடையதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மியூனிக் அக்கா: பரவாயில்லை பெரியப்பா, உங்களுடையது காற்றுக்கு ஆகும், மழைக்குக் குடை இருக்கிறது. பெரியம்மாவுக்கு வாங்கும்போது புடவைமேல் போட்டுப் பார்த்து வாங்குங்கள், சுடிதாரில் போய் நின்று வாங்காதீர்கள். இடுப்பு தாண்டி வர வேண்டும், இல்லாவிட்டால் கொசுவத்துக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கும். கீழிருந்தும் திறக்கிற ஜிப் இருந்தால் பஸ்ஸில் உட்காரும்போது கீழ்ப்பாதியை மட்டும் திறந்துவிடலாம். அப்புறம் உள்பக்கம் ஜிப் வைத்த பை கட்டாயம், பாஸ்போர்ட் அதற்குள்தான். பாரிஸ் மெட்ரோவிலும் ரோமில் வாட்டிகன் பக்கம் போகிற 64-ஆம் நம்பர் பஸ்ஸிலும் வெளிப்பையில் கைவிடுகிறவர்கள் உண்டு.

பெரியம்மா: நிறம்? கடையில் பார்த்ததெல்லாம் கறுப்பாகவே இருந்தது.

நான்: மஞ்சள் எடுங்கள் பெரியம்மா. கூட்டத்தில் பெரியப்பா தேட வேண்டாம்.

பெரியப்பா: மஞ்சளே எடு. தேடுவது எப்போதும் அவள்தான், இருந்தாலும் எடு.

செவ்வாய்க்கிழமை

பெரியம்மா: வாங்கிவிட்டேன், கடுகு மஞ்சள். தையலெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறது, உள்பை இருக்கிறது, கீழேயும் ஜிப் திறக்கிறது. வீட்டில் நானே ஷவரில் போய் நின்று பார்த்தேன், புடவைக் கரை மட்டும்தான் நனைந்தது. இன்னொன்று, டெல்லியில் இருந்தபோது டிசம்பரில் முழுக்கை வைத்துக் கம்பளியில் பின்னின ஜாக்கெட்தான் புடவைக்குப் போடுவேன், பீரோவைக் குடைந்ததில் இரண்டு கிடைத்தது. கொஞ்சம் இறுக்கம், டெய்லரிடம் பிரித்துவிடக் கொடுத்திருக்கிறேன். அந்த ஏழில் மூன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டேன், அவை வரவில்லை.

மியூனிக் அக்கா: ஆக ஜாக்கெட்டுக்குள் ஜாக்கெட். இங்கேயும் யாரும் இதை யோசித்ததில்லை பெரியம்மா.

பெரியப்பா: கனடா கோட்டு இன்னும் ஹாலில்தான் தொங்குகிறது. யாராவது மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், எனக்கு முழங்கால் வலி, அந்த எடையோடு படி ஏற முடியாது.