உடைந்து வந்த ரவிவர்மா படம்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி (காரைக்குடி):
அப்பத்தா வீட்டு வளவில் ரவிவர்மா அச்சகத்து லட்சுமி படம் ஒன்று இருந்தது. பாகம் பிரித்தபோது கைமாறிப் போனது. பத்து வருஷம் தேடி, அதே படத்தை ஆன்லைனில் 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். பிரித்தால் கண்ணாடி தூள் தூளாகக் கிடக்கிறது. ஒரு சில்லு தாமரையைக் கிழித்துவிட்டது. சுற்றியிருந்தது ஒரே ஒரு செய்தித்தாள்! "பழைய பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்றவர். மனசே ஆறவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (தேவகோட்டை):
அண்ணே, பெட்டி, சில்லு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டவே கூடாது, பசை நாளடைவில் காகிதத்தை மஞ்சளாக்கிவிடும்.

பதில் (சிவகங்கை):
தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கவும் கூடாது. அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை.

கேட்டவர்:
சரி தம்பி, இன்று ராத்திரியே எழுதுகிறேன். தேக்குச் சட்டம் மட்டும் முழுசாக இருக்கிறது.