98 கிரெடிட் கையில் இருக்கிறது, எந்தக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

பாம்பன்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022-ல் மதுரைப் பக்கம் அண்ணா பல்கலையின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். ஐந்து செமஸ்டர் முடித்தேன். இந்த வருடம், 2025 ஜனவரியில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, ஆறாவது செமஸ்டருக்குப் போகவே இல்லை. நவம்பர் வந்துவிட்டது. மண்டபத்தில் ஒரு போட் இன்ஜின் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அரியர் இரண்டு: தெர்மோடைனமிக்ஸ், தெர்மல் இன்ஜினியரிங். தினமும் லேலண்ட் இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவனுக்கு இந்த இரண்டிலும்தானா அரியர் என்று முதலாளி சிரிக்கிறார்.

டிஜிலாக்கரில் பார்த்தால் என் ஏபிசி கணக்கில் (தாள் தாளாகத் தேறி வாங்கிய கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் ஆன்லைன் கணக்கு) 98 கிரெடிட் காட்டுகிறது. மூன்று வருட டிகிரிக்கு 120 போதும் என்கிறார்கள். அப்படியானால் பாக்கி 22தானே? தொலைநிலைப் பல்கலையான இக்னோவிலோ ராமநாதபுரத்தில் ஏதாவது கலைக் கல்லூரியிலோ இதைக் கொடுத்து ஒரே வருடத்தில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. வாங்க முடியுமா? எனக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். குரூப் 2 எழுத வேண்டும், அமையாவிட்டால் வெளிநாடு.

உச்சிப்புளி வாசி:

இக்னோதான் சரி. ஜனவரி அட்மிஷன் வரப்போகிறது. 22 கிரெடிட்டை முடித்தால் டிகிரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தொண்டி அக்கா:

யோசிக்க நிறைய இருக்கிறது. தம்பி, நான் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பதினொரு வருடம் இருந்தவள். இந்த "120-ல் 98 போனால் 22" கணக்கோடு வருடத்துக்கு நாலு பேராவது வருவார்கள். கணக்கு சரி, போட்ட இடம்தான் தப்பு.

ஏபிசியில் இருக்கிற கிரெடிட் பாங்கில் கிடக்கிற பணம் மாதிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பணத்தை எந்தக் கடையிலும் கொடுக்கலாம். கிரெடிட் அப்படி இல்லை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தாளின் பெயர் எழுதியிருக்கும். எடுத்துக்கொள்கிற இடத்தில் அந்தத் தாளுக்கு ஈடான தாள் இருந்தால்தான் செல்லும். பி.ஏ. வரலாற்றில் உன் பட்டறைப் பயிற்சியையும் இன்ஜினியரிங் கிராபிக்ஸையும் எந்தத் தாளுக்குப் பதிலாக வைப்பார்கள்? முதல் வருட ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணக்கு, நாலாவது செமஸ்டர் சுற்றுச்சூழல் என்று பொறுக்கி எடுத்தால், என் அனுபவத்தில் இருபதைத் தாண்டுவதே பெரிது. அதையும் அந்தந்தத் துறை பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்ளும்.

அளவுகோலும் வேறு. உங்கள் பி.இ.யில் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட், லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நம் ஊர்க் கலைக் கல்லூரிகள் அழகப்பா பல்கலையின் கீழ் வருகின்றன. அங்கே பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் என்று செமஸ்டர் செமஸ்டராக ஓடும், மொத்தமும் 120 இல்லை, 140. நீ முதல் வருடத்தில் படித்த "தமிழர் மரபு" ஒரு கிரெடிட்தான், அது பகுதி 1-க்கு ஈடாகாது.

இதற்கெல்லாம் மேலே, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதியில் ஒன்று உண்டு. டிகிரி தருகிற நிறுவனத்திலேயே பாதிக் கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும். ஆக 120-ல் 60 அங்கேயே. அதிர்ஷ்டவசமாக உன் 98-ம் ஒத்துப்போனால்கூட 22 என்பது நடக்காது.

காலண்டரை எடுத்துப் பார். இக்னோவில் ஜனவரி 2026-ல் புதிதாகச் சேர்ந்தால் முடிவது 2028 டிசம்பர். கலைக் கல்லூரியில் ஜூனில் சேர்ந்தால் 2029 மே. பழைய பி.இ.க்கே ஜனவரியில் திரும்பினால் பாக்கி மூன்று செமஸ்டர், 2027 மே மாதம் வெளியே வந்துவிடலாம். குறுக்கு வழி எது?

ஒரே ஒரு பயம். அண்ணா பல்கலை நெறிமுறையில் படிப்பை இடையில் நிறுத்தி வைப்பது ஓராண்டு வரைதான். தகவலே சொல்லாமல் தொடர்ந்து இரண்டு செமஸ்டர் போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். உனக்கு இந்த நவம்பரோடு இரண்டு முடிகிறது. ஜனவரியில் யாராவது கடிதம் கொடுத்தீர்களா, இல்லையா? அதை முதலில் சொல்.

பாம்பன்காரன்:

அக்கா, படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. சித்தப்பா போய் துறைத் தலைவரை (எச்ஓடி) பார்த்தார், ஏதோ எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். நகல் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ராமநாதபுரத்தில் ஒருவர், "கிரெடிட்டை எல்லாம் நான் மாற்றித் தருகிறேன், ஆறு மாதத்தில் பி.டெக். அஞ்சல் வழியில்" என்கிறார். அசல் மார்க் ஷீட்டும் முன்பணமும் கேட்கிறார்.

கீழக்கரை கப்பல்:

கொடுக்காதீர்கள். அசல் எதையும் கையை விட்டு விடாதீர்கள்.

பதினாலு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவன் சொல்கிறேன். என் அறைத் தோழர் ஒருவர் இப்படித்தான் "அஞ்சல் வழி" இன்ஜினியரிங் சான்றிதழோடு வந்தார். சூப்பர்வைசர் விசாவுக்குச் சான்றொப்பம் வாங்க அனுப்பியபோது, பல்கலைக்கழகத்திலிருந்து "எங்கள் பதிவேட்டில் இல்லை" என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், ஹெல்ப்பராகவே இருந்து ஊர் திரும்பினார். பொறியியலை அஞ்சல் வழியில் நடத்துவது சரியான முறையே அல்ல. 2017-ல் உச்ச நீதிமன்றமே நிகர்நிலைப் பல்கலைகள் அனுமதி இல்லாமல் அப்படிக் கொடுத்த பட்டங்களில் கை வைத்தது.

உண்மையான தொலைநிலைப் படிப்புக்கு இப்போது டெப் ஐடி, அதாவது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் எண், கட்டாயம். அதை ஏபிசி எண்ணை வைத்து நீங்களே எடுக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. இக்னோ என்றால் நம் மாவட்டத்துக்கு மதுரை மண்டல மையம்.

உச்சிப்புளி வாசி:

அக்கா சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: நேரடி இரண்டாம் ஆண்டு என்று ஒரு கவுன்சலிங் இருக்கிறதே, அதில் இந்தப் பக்கமே ஒரு கல்லூரிக்கு வந்துவிடலாமே?

தொண்டி அக்கா:

அது டிப்ளமோ முடித்தவர்களுக்கும், கணக்குப் படித்த பி.எஸ்சி.க்காரர்களுக்கும். பி.இ.யைப் பாதியில் விட்டவருக்கு இல்லை.

ஊர்ப் பக்கம் வரவேண்டும் என்றால் கல்லூரி மாறுதல் கேட்கலாம். புல்லங்குடியில் அண்ணா பல்கலையே நடத்தும் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே பல்கலை, ஒரே 2021 நெறிமுறை என்றால் தாளுக்குத் தாள் அப்படியே பொருந்தும். கேட்கிற கல்லூரி தன்னாட்சியா என்று மட்டும் பார். தன்னாட்சி என்றால் பாடத்திட்டம் அவர்களுடையது, கூடுதல் தாள் எழுதச் சொல்லலாம். ஆனால் இப்போது இதில் இறங்காதே. முதலில் பழைய இடத்தில் பெயர் உயிரோடு இருக்க வேண்டும். நேரில் போ, போனில் கேட்டால் கிளார்க் "பார்த்துச் சொல்றேன்" என்பார்.

போகும்போது மூன்று கேள்வி. கடிதம் ஃபைலில் இருக்கிறதா. 7.5 சதவீதத்தில் அரசு கட்டும் கட்டணம் இடைவெளிக்குப் பிறகும் தொடருமா, இதற்குப் பதில் எழுத்தில் வேண்டும். மூன்றாவது தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் மாதம் 1000 ரூபாய், பழைய விண்ணப்பம் என்ன ஆனது என்று கேள்.

விசைப்படகு:

கிரெடிட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பட்டறை பற்றிச் சொல்லலாம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். போட்டெல்லாம் சும்மா நிற்கும் அந்த இரண்டு மாதம்தான் எல்லோரும் இன்ஜினை இறக்குவோம். உங்கள் செமஸ்டர் தேர்வும் ஏப்ரல், மே. முதலாளியிடம் இப்போதே பேசிவிடுங்கள். தேர்வு முடிந்து மே கடைசியிலிருந்து ஜூன் 14 வரை வந்தால்கூட அவருக்குப் பெரிய உதவி, கடைசி வாரத்தில்தான் எல்லோரும் "இன்னும் ஆகலையா" என்று வந்து நிற்போம்.

பாம்பன்காரன்:

போய்விட்டு வந்தேன். பாம்பன் பாலத்தில் ரயில் மறுபடி ஓடுவதால் காலையிலேயே கிளம்பிவிட்டேன். படித்த காலத்தில் பாதி நாள் மண்டபம் வரை பஸ்ஸில் வந்துதான் ரயில் பிடித்தேன்.

கடிதம் இருக்கிறது! சித்தப்பாவின் கையெழுத்து, கீழே எச்ஓடியின் ஒப்பம், ஜனவரி தேதி. அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் தேடினார்கள். அந்த மேடம் முதலில் "அப்படி ஒன்றும் வரவில்லை" என்றார், அப்புறம் அவரே வேறு ஒரு மாணவனின் ஃபைலுக்குள் இருந்து எடுத்தார். முதல்வர் வழியாகத் திரும்பச் சேரும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ஏழு ஆண்டுக் கெடு 2029 வரை இருப்பதால் அரியருக்கும் நேரம் இருக்கிறது என்றார்கள். வருகை 75 சதவீதத்தில் சலுகை கேட்காதே என்றும் சொன்னார்கள். கட்டணம் பற்றி எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

முதலாளியிடமும் பேசினேன். "மேயில வா, ஏப்ரல்ல உன் மூஞ்சியை இங்க பார்க்கக் கூடாது" என்றார்.

இப்போது ஒரே தலைவலி தெர்மல். பழைய நோட்டும், தேர்வில் நீராவி அளவுகளைப் பார்க்கிற ஸ்டீம் டேபிள் புத்தகமும் விடுதியிலேயே போய்விட்டன.

உச்சிப்புளி வாசி:

ஸ்டீம் டேபிள் என்னிடம் இருக்கிறது. அட்டை இல்லை, உள்ளே எதுவும் கிறுக்கவில்லை, ஹாலில் விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்புளி ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.