மண்வெட்டியில் பட்ட அந்தச் சின்ன அரணை: உங்களில் யார் பார்த்திருக்கிறீர்கள்?

கடலோரன்:
கேப்டவுனில் மியூசன்பர்க் பக்கம் குடியிருந்தபோது நடந்தது. வேலியோரம் மணலைக் கொத்திக்கொண்டிருந்தேன். வெள்ளி நிறத்தில் ஏதோ நெளிந்தது, பென்சில் கனம்கூட இல்லை. பின்னாலிருந்து மனைவி "பாம்புக்குட்டி!" என்று அலறினாள். மண்வெட்டியை இறக்கிவிட்டேன். முன்பாதி மணலுக்குள் போய்விட்டது, பின்துண்டு கிடந்து துடித்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கால்கள். சீரகம் அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டே விரல். பாம்புக்கு ஏது கால்? இது 'ஸ்கெலோட்டஸ் பைபெஸ்' என்ற மணலில் புதைந்து வாழும் அரணை, இதற்கு முன்னங்கால்களே கிடையாது என்பதை அன்று இரவுதான் படித்தேன். எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, மண்வெட்டியைத் தொட்டால் இன்னும் அதுதான் கண்முன் நிற்கிறது.

மணல்மேடு:
நான் பார்த்தது ஃபால்ஸ் பே கரையில், ஸ்ட்ராண்ட்ஃபான்டெய்ன் மணல்மேட்டில். மட்கிய பலகையைப் புரட்டியதும் கீழே சுருண்டு கிடந்தது. உள்ளங்கையில் எடுத்தேன். விரலிடுக்கில் தண்ணீர் போல் வழிந்து இறங்கியது. மூக்கை மணலில் ஊன்றியதுதான் தெரியும். மேலே ஒரு கோடாக மணல் அசைந்து நின்றுவிட்டது. தோண்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

கடலோரன், நீங்கள் வீணாக வருந்துகிறீர்கள். இந்த இனம் வாலைக் கழற்றிவிட்டுத் தப்பும். நம் ஊர் அரணையும் பல்லியும் செய்வதுதான். துடித்தது வாலாக இருக்கும், மீண்டும் வளர்ந்திருக்கும். இரண்டு கால் என்பதால் இனமும் நீங்கள் படித்ததாகத்தான் இருக்கும். இயற்கையியலாளர் லின்னேயஸ் 1766-லேயே 'பைபெஸ்', அதாவது இருகாலி என்று பெயர் வைத்துவிட்டார்.

பிளஃப் வாசி:
கால் இருந்தால்தான் அரணை என்று நினைத்துவிடாதீர்கள். இதே ஸ்கெலோட்டஸ் பேரினத்தில் ஐந்து விரலுள்ளதும் உண்டு, காலே இல்லாததும் உண்டு. டர்பனில் பிளஃப் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பாட்டி, 1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியில் வந்தவர். ஆங்கிலம்தான் பேசுவார். ஒருநாள் உரக்குழியைக் கிளறும்போது கால் இல்லாத ஒன்று வெளியே வந்ததும் "பாம்பு, பாம்பு!" என்றார். ஐந்தாண்டில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. நான் குச்சியைத் தேடும்போது அது கண்ணைச் சிமிட்டியது. பாம்புக்கு இமை ஏது? கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டேன். டர்பன் கரையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது, அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குழியின் மேல் இப்போது சிமென்ட் தளம் போட்டுவிட்டார்களாம்.

வேப்பமரம்:
நான் ஒரே ஒருமுறை, பூனை வாயில் பார்த்தேன். பிடுங்கி விட்டேன், பிழைத்ததா தெரியாது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எரிக்காதீர்கள். அதன் அடியில்தான் கறையானையும் வண்டுப் புழுவையும் தின்று இது வாழ்கிறது. கல்லையோ பலகையையோ புரட்டினால் முன்பு இருந்தபடியே வையுங்கள். அப்படியே மேலே போட்டுவிடாமல், முதலில் அரணையை ஓரமாக விட்டு, பிறகு கல்லை இறக்குங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்று பாட்டிலில் அடைக்காதீர்கள், வெயிலில் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். முட்டையிடாமல் குட்டி போடும் இனம், அதுவும் மிகச் சில குட்டிகளே. ஒன்றைக் கொன்றாலும் இழப்பு பெரிது. மண்ணைக் கிளற மண்வெட்டிக்குப் பதில் முள்கரண்டி போன்ற கைக்கருவி போதும். "அரணை கடித்தால் மரணம்" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அரணைக்கு விஷமே கிடையாது. அந்த ஒரு பழமொழியால் எத்தனை உயிர் போயிருக்கும்!

கடலோரன்:
மணல்மேடு, ஆறுதலுக்கு நன்றி. ஆனால் நான் எழுதியதை மறுபடி பாருங்கள். இதற்குக் கால்கள் இருப்பது வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால். நான் விரல்களை எண்ணியது துடித்துக்கொண்டிருந்த அந்தத் துண்டில். வெட்டு விழுந்தது கால்களுக்கு மேலே, உடம்பில்.