படகு உறை மூலையில் கிழிந்துவிட்டது, தையலும் பிரிகிறது. ஒட்டுப் போட்டால் தாங்குமா?

துடுப்புத்தம்பி:

மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய படகு ஒன்றை வாங்கினேன். ஐந்து மீட்டர், பின்னால் மாட்டுகிற மோட்டார். கூடவே வந்த துணி உறைக்கு என்ன வயசு என்று விற்றவருக்கே தெரியவில்லை. ஒரு காலத்தில் கருநீலமாக இருந்திருக்க வேண்டும். மடிப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்த நீலம் தெரிகிறது.

இப்போதைய நிலவரம்: முன்கண்ணாடியின் வலது மூலை முட்டுகிற இடத்தில் ‘ட’ மாதிரி ஒரு சாண் கிழிந்திருக்கிறது. இடதுபக்க மூட்டு ஒரு முழத்துக்குத் தையல் விட்டு வாயைப் பிளந்து நிற்கிறது. இரண்டு டிச் பட்டன் துணியையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. மழை பெய்தால் நடுவில் குளம் கட்டுகிறது.

போன மழைக்கு முன்னால் அவசரத்துக்குச் சாம்பல் நிற டக்ட் டேப்பை ஒட்டித் தொலைத்தேன். டேப் வெயிலில் உரிந்து பறந்துவிட்டது, பசை மட்டும் பிசுபிசுவென்று அங்கேயே இருக்கிறது. வீட்டில் சட்டை தைக்கிற சாதா தையல் மெஷின் உண்டு. நானே சரிசெய்யலாமா, இல்லை புது உறையே தைத்துவிடுவது நல்லதா?

ஊசிக்கை:

தம்பி, கத்தரிக்கோலைத் தொடுறதுக்கு முன்னாடி கட்டைவிரல் நகத்தால ஒரு சோதனை. பிரியாம இருக்கிற ஒரு மூட்டு, அதுலயும் வெயில் படுற பக்கமா பார்த்து, தையல் மேல அழுத்திக் கீறுங்க. நூல் பொடிஞ்சு வந்துச்சுன்னா நூல் இத்துப்போச்சு. அப்புறம் கிழிசல் ஓரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுங்க. காகிதம் மாதிரி சர்ருனு போனா துணியே முடிஞ்சுது, ஒட்டுப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒட்டைத் தாங்கிப் பிடிக்கவே அங்க துணி இருக்காது. மல்லுக்கட்டுச்சுன்னா உயிர் இருக்கு, தைக்கலாம்.

இருபது வருஷத்துக்கு மேல இந்த உறைகளைத்தான் தைச்சுக்கிட்டு இருக்கேன். ‘துணி போச்சு’ன்னு கொண்டு வர்றவங்ககிட்ட பெரும்பாலும் போயிருக்கிறது நூல்தான். நாரிலேயே சாயம் ஏத்தி நூற்கிற அக்ரிலிக் துணி வெயிலை வருஷக்கணக்குல தாங்கும். அதை மூட்டியிருக்கிற பாலியஸ்டர் நூல் அதுக்கு முன்னாடியே விட்டுடும். நூல் துணிக்கு மேல புடைச்சு நிக்குது பாருங்க, வெயிலும் உரசலும் முதல்ல அதுக்குத்தான். ஆனா உங்களுது மடிப்புக்குள்ள மட்டும் நீலம்னு சொல்றதைப் பார்த்தா பாலியஸ்டர் துணியோன்னு சந்தேகம். எதுவா இருந்தாலும் இழுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்.

பிரிஞ்ச மூட்டு சுலபம். பழைய தையல்ல மிச்சம் இருக்கிறதைப் பிரிக்காதீங்க, அது ரெண்டு துண்டையும் இடத்துல பிடிச்சு வச்சிருக்கும். அதுக்குப் பக்கத்துல ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளிப் புதுசா ஒரு வரி ஓட்டுங்க. ஒரு மூட்டு விட்டுச்சுன்னா மத்த மூட்டும் வரிசையில நிக்குதுன்னு அர்த்தம், எல்லாத்துலயும் ஒரு வரி ஓட்டிடுங்க.

கிழிசலுக்கு: முதல்ல சோப்புத் தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க. சுடுதண்ணி கூடாது. அந்தப் பசையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு எடுத்தே ஆகணும். பசைக்குள்ள போன ஊசி தையலை விட்டு விட்டுத்தான் போடும். கண்ணுல படாத மூலையில தடவிப் பார்த்துட்டு ஆரம்பிங்க. உறையில கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் சன்னல் இருந்தா அது மேல ஆல்கஹால் படக்கூடாது, மங்கிடும்.

ஒட்டுத் துணியைக் கிழிசலுக்கு நாலு பக்கமும் நாலு சென்டிமீட்டர் தாண்டி வெட்டுங்க. மூலையெல்லாம் வட்டமா இருக்கட்டும், கூர்மூலைதான் முதல்ல கிளம்பும். நெசவு ஓடுற திசையும் ஒண்ணாவே இருக்கணும், இல்லேன்னா இழுக்கிறப்போ ஒரு பக்கம் சுருங்கும். ரெண்டு பக்கமும் ஒட்டுற மெல்லிசு டேப்பால பதிச்சு வச்சுட்டுத் தைச்சா நகராது, குண்டூசி ஓட்டையும் மிச்சம். வெளி ஓரமா ஒரு சுத்து. அப்புறம் திருப்பிப் போட்டு, கிழிஞ்ச ஓரத்தை நறுக்கி உள்ள மடிச்சு இன்னொரு சுத்து.

இன்னொண்ணு. கிழிஞ்ச இடத்துக்கு நேர் கீழ என்ன இருக்குன்னு கையை விட்டுத் தடவிப் பாருங்க. துணி தானா கிழியாது, எதுவோ அறுத்திருக்கு. அதை விட்டுட்டு ஒட்டுப் போட்டா அடுத்து ஒட்டு கிழியும்.

கரையோரச்சோம்பேறி:

இவ்வளவு எதுக்கு? டேர்-எய்ட் என்று ஒட்டும் டேப் கிடைக்கிறது, துணிக்கு ‘ஏ’ வகை, வினைலுக்கு ‘பி’ வகை. என் உறையில் உள்ளும் புறமும் ஒட்டி இரண்டு மழைக்காலம் ஓட்டிவிட்டேன். ஊசியே தொடவில்லை.

ஊசிக்கை:

தட்டையான நடுப்பகுதியில சின்ன ஓட்டைன்னா நானும் அதைத்தான் சொல்லுவேன், குறை சொல்லல. இவருக்குக் கிழிஞ்சது இழுத்துக் கட்டுற மூலை. இழுவை இருக்கிற இடத்துல பசையை மட்டும் நம்பக்கூடாது.

உப்புக்காற்று:

டிச் பட்டன் பற்றி யாரும் பேசவில்லையே. பிய்ந்த ஓட்டையிலேயே புதுப் பட்டனை அடிக்காதீர்கள். உள்பக்கம் நாடாவோ வினைல் துண்டோ வைத்துத் தைத்து, அதற்கு மேல் அடியுங்கள். கழற்றும்போது துணியைப் பிடித்து இழுக்காமல் பட்டனுக்கு அடியில் விரலை விட்டு நெம்புங்கள். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. துணி சுருங்கிப் பட்டன் எட்டவில்லை என்றால் குளிரில் மல்லுக்கட்ட வேண்டாம், வெயிலில் கொஞ்ச நேரம் விரித்துவிட்டு மாட்டுங்கள், இளகிக் கொடுக்கும்.

குளம் கட்டுவதற்கு நடுவில் ஒரு கம்பு கொடுங்கள். கம்பின் தலையில் பழைய டென்னிஸ் பந்தைக் கீறிச் செருகினால் துணியைக் குத்தாது.

துடுப்புத்தம்பி:

நகத்தால் கீறினேன், நூல் மாவாக உதிர்ந்தது. துணியை இழுத்தேன், அசையவில்லை. சந்தோஷமாக மெஷினில் உட்கார்ந்தால் மூன்றாவது அங்குலத்தில் ஊசி உடைந்தது. நான்கு மடிப்பு. வீட்டில் இருந்த பருத்தி நூல்தான் போட்டேன்.

ஊசிக்கை:

பருத்தி நூலைத் தூரப் போடுங்க, ஈரத்துல அழுகிடும். நைலான் பலமானதுதான், ஆனா வெயில்ல பாலியஸ்டர் அளவுக்கு நிக்காது. வெயில் தாங்குற பாண்டட் பாலியஸ்டர் (இழை பிரியாம பிசின் பூசின நூல்) வாங்குங்க. சாதா மெஷினுக்கு வி-69 கனம், ஊசி 16ஆம் நம்பர். நான் வி-92 போடுவேன், அதுக்கு 18க்குக் குறையாத ஊசி வேணும், வீட்டு மெஷின் திணறும். பிடிஎஃப்ஈ நூல்னு, அதாவது டெஃப்லான் நூல், ஒண்ணு இருக்கு, வெயில் அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா வழுக்கும், விலையும் ஜாஸ்தி. உங்க உறைக்கு அது ஆடம்பரம்.

தையல் நீளம் நாலு மில்லிமீட்டருக்குக் குறையாம வைங்க. பொடித் தையல் போட்டா துணியில வரிசையா ஓட்டை போட்ட மாதிரி ஆகிடும், அந்தக் கோட்டுலயே கிழியும். தடிப்பு வர்ற இடத்துல மிதிக்காதீங்க, சக்கரத்தைக் கையால திருப்பி ஒவ்வொரு குத்தா இறக்குங்க.

‘ட’ வளையுற அந்த முனையை மட்டும் கையில தைச்சிடுங்க. நூலை மெழுகுல ரெண்டு இழுப்பு இழுத்துக்கோங்க. ஊசியைக் கீழேயிருந்து ஒரு ஓரத்துல ஏத்தி, கிழிசலைத் தாண்டி எதிர் ஓரத்துல இறக்குங்க. இப்போ ஊசி முனை கிழிசல் வழியா மேல வரணும், போட்ட நூலுக்கு இடப்பக்கமா. அந்த நூலைத் தாண்டி வலப்பக்கம் வந்து, மறுபடியும் கிழிசலுக்குள்ள இறங்கி அடுத்த குத்து. ஒவ்வொரு குத்தும் முந்தினதைக் கட்டிப் பிடிக்கும், மீன்முள் மாதிரி தெரியும். இறுக்கி இழுக்காதீங்க, ரெண்டு ஓரமும் தொட்டா போதும். ஏறிக்கிட்டா மேடு தட்டும். ஒட்டு அதுக்கு மேல போகட்டும்.

துடுப்புத்தம்பி:

இரண்டு சாயங்காலம் ஆனது. மூலைக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன், விரலில் ரத்தம். கண்ணாடிச் சட்டத்தின் திருகாணித் தலை ஒன்று அரை மில்லிமீட்டர் எழும்பி, பிளேடு மாதிரி நின்றுகொண்டிருந்தது. அரத்தால் ராவி, மேலே ரப்பர்ப் பட்டை வைத்துவிட்டேன். ஒட்டுத் துணி புது நீலம், உறை வெளிறிய நீலம். தூரத்திலிருந்தே தெரிகிறது, பரவாயில்லை.

நேற்று ராத்திரி மழை. காலையில் போய்ப் பார்த்தால் நடுவில் குளம் இல்லை, மூலை காய்ந்து கிடக்கிறது. இடது மூட்டில் மட்டும் ஊசி ஓட்டை வழியாக வரிசையாகத் துளித்துளியாக இறங்கியிருக்கிறது.

ஊசிக்கை:

நல்லா காய்ஞ்ச பிறகு தையல் மேல சீம் சீலர் (தையல் ஓட்டையை அடைக்கிற பூச்சு) மெல்லிசா ரெண்டு தடவை தடவுங்க, முதல் பூச்சு காய்ஞ்சதும் அடுத்தது. துணி மேலயே தண்ணி ஊற ஆரம்பிச்சா நீர்விலக்கி அடிக்கலாம். அக்ரிலிக்னா ஃப்ளோரோகார்பன் வகை, சிலிக்கோன் வேண்டாம். அந்த மூலையைக் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, கைத்தையல் எப்படி வந்திருக்குன்னு பார்க்கணும்.