சான்றிதழ் மாறியும் வண்டி பிடிபடுகிறதே, எங்கே தப்பு?

அரைக்கிளட்ச்:
வாகன மென்பொருள் சோதனையில் வேலை. ரேடியோ பக்கம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அடிப்படைக் கேள்வியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சோதனைத் தடத்தில் நான்கு வண்டி ஓட்டுகிறோம். ஒவ்வொன்றும் 5.9 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 10 முறை தன் இடம், வேகம், திசை, பிரேக் நிலை எல்லாவற்றையும் சுற்றியுள்ள வண்டிகளுக்குச் சொல்லிக்கொண்டே போகும். செய்தியில் கையொப்பம் உண்டு, குறியாக்கம் (சாவி உள்ளவர் மட்டும் படிக்கும்படி பூட்டுவது) இல்லை. யார் வண்டி என்று தெரியாமலிருக்க 5 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கையொப்பத்துக்கான சான்றிதழ், அதாவது வண்டியின் தற்காலிகப் பெயர், மாறுகிறது.

நேற்று மதியம் பைத்தானில் நாற்பது வரி எழுதி, பதிவான செய்திகளின் லாகைக் கோத்துப் பார்த்தேன். மணிக்கு 72 கி.மீ.யில் போகிற வண்டி 0.1 நொடியில் 2 மீட்டர் நகரும். பழைய பெயர் மறைந்த இடத்திலிருந்து சரியாக 2 மீட்டர் தள்ளி, அதே வேகத்தில், புதுப் பெயர் முளைக்கிறது. வேறு யாராக இருக்க முடியும்? நம் கண்ணெதிரே நின்று வேஷம் மாற்றுகிற மாதிரி இருக்கிறது. ஒரு மாற்றம்கூடத் தப்பவில்லை. மேலதிகாரியிடம் காட்டினேன். "தரவிதிப்படிதானே இருக்கு, விடுப்பா" என்றுவிட்டார். பேசாமல் குறியாக்கம் செய்துவிட்டால் என்ன?

வைப்பர்:
குறியாக்கம் உதவாது. வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டி உங்களுக்கு முன்பின் தெரியாதது, ஆனால் உங்கள் செய்தியை அந்தக் கணமே படித்தாக வேண்டும். எல்லோர் கையிலும் சாவி இருந்தால் பூட்டு எதற்கு?

சான்றிதழ் மாறுவது உங்களை மாதிரி விடாமல் கேட்டுக்கொண்டிருப்பவருக்காக வைத்தது இல்லை. காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் ரிசீவர் வைத்து, இரண்டிலும் வந்தது ஒரே வண்டியா என்று பார்ப்பவருக்காக. இன்னொன்று, உள்ளே இருப்பவர்களுக்காக. அமெரிக்காவில் வண்டிகளுக்குச் சான்றிதழ் வழங்கும் எஸ்.சி.எம்.எஸ். அமைப்பில் சான்றிதழ் கேட்பது யார் என்று தெரிந்த பிரிவுக்கு அதன் உள்ளடக்கம் தெரியாது, வழங்கும் பிரிவுக்கு யாருக்குப் போகிறது என்று தெரியாது. அதை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அங்கே வாரத்துக்கு 20 சான்றிதழ்தான். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 100 நிமிட ஓட்டத்தில் தீர்ந்துவிடும், பிறகு அதே வாரத்தில் பழைய பெயரே திரும்ப வரும். ஐரோப்பாவில் 100 வரை வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் லாகில் ஒன்று பாருங்கள்: சான்றிதழோடு சேர்ந்து மற்றதெல்லாம் மாறுகிறதா? ரேடியோ கருவியின் மேக் முகவரி, தற்காலிக அடையாள எண், 0 முதல் 127 வரை ஓடும் செய்தி எண்ணி. பழைய பெயர் 57-இல் நின்று புதுப் பெயர் 58-இல் தொடங்கினால் வேஷம் கலைந்தது. முக்கியமாக, வண்டி கடந்துவந்த பாதையைச் சொல்லும் பகுதி. அதை அழிக்காமல் விட்டால் புதுப் பெயர் பழைய தடத்தைத் தானே தோளில் சுமந்து வரும்.

டிக்கிச்சாவி:
வண்டியின் நீள அகலத்தை விட்டுவிட்டீர்கள். அமெரிக்கச் செய்தி வடிவத்தில் 1 செ.மீ. துல்லியத்தில் போகிறது, ஐரோப்பிய வடிவத்தில் 10 செ.மீ. நான்கே வண்டி, நான்கும் வேறு வேறு மாடல் என்றால் பெயரே தேவையில்லை.

எத்தனை முறை மாற்றுகிறோம் என்பதைவிட எங்கே மாற்றுகிறோம் என்பதுதான் விஷயம். பெரஸ்ஃபோர்டு, ஸ்டஜானோ என்ற ஆய்வாளர்கள் 2003-இலேயே கலப்பு மண்டலம் என்று ஒன்றைச் சொன்னார்கள். பலர் நெருங்கிக் கலக்கும் இடத்தில் சற்று மௌனமாகி, வெளியே வரும்போது புதுப் பெயரோடு வருவது. சாலையில் அது சந்திப்பாக இருக்கலாம். ஆனால் விபத்து எச்சரிக்கை தேவைப்படுவதும் சந்திப்பில்தானே? அதனால் புட்டியான் என்பவரின் ஆய்வுக் குழு 2009-இல் வேறு வழி சொன்னது: வேகம் மணிக்கு 30 கி.மீ.க்குக் கீழே போனால் மட்டும் பேசாமல் இரு, மெதுவாகப் போகும்போது ஆபத்து குறைவு. காருக்குக் குறைவு, சரி. குறுக்கே நடந்து வருபவருக்கு? எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

பழையஹாரன்:
இத்தனை பாடு எதற்கு? டயர் அழுத்த சென்சார் ஒவ்வொன்றும் மாறாத 28 அல்லது 32 பிட் எண்ணைக் குறியாக்கம் இல்லாமல் அனுப்புகிறது. அதை 40 மீட்டர் தூரத்திலிருந்து பிடிக்கலாம் என்று ரட்கர்ஸ், தென் கரோலைனா பல்கலைக்கழக ஆட்கள் 2010-இலேயே காட்டிவிட்டார்கள். வாசலுக்கு மூன்று பூட்டு, கொல்லைக் கதவு திறந்தபடி.

டிக்கிச்சாவி:
ஐயா, அந்த 40 மீட்டரும் நம் வண்டிச் செய்தி எட்டும் சில நூறு மீட்டரும் ஒன்றா? அந்த எண் நொடிக்கு 10 முறை இடத்தையும் சொல்கிறதா?

அரைக்கிளட்ச்:
வைப்பர் சார், கடந்த பாதை அழியவேயில்லை! புதுப் பெயரின் முதல் செய்தியிலேயே முந்தைய 200 மீட்டர் இருக்கிறது. அது தரவிதியின் குறை இல்லை, எங்கள் மென்பொருளில் இருக்கும் பிழை. பதிவு செய்துவிட்டேன், மேலதிகாரி இந்த முறை "விடுப்பா" சொல்லவில்லை. அந்தப் பகுதியையும் நீள அகலத்தையும் நீக்கிவிட்டு லாகைத் திரும்ப ஓட்டினேன். இப்போதும் என் நாற்பது வரி பிடிக்கிறது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. இரண்டு வண்டி பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஒட்டி நின்றபோது இரண்டும் ஒரே நேரத்தில் பெயர் மாற்றியிருக்கின்றன. கிளம்பியதும் எது எது என்று நிரல் குழம்பி, ஒன்றை மற்றொன்றாகவே கடைசிவரை துரத்தியது. அடுத்த வாரம் கடிகாரத்தைப் பார்க்காமல், பக்கத்தில் வண்டி இருந்தால் மட்டும் பெயர் மாற்றும்படி வைத்துப் பார்க்கப் போகிறேன். ஆளில்லாத சாலைக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.