இயற்பியல் முனைவர் படிப்புக்கு முன் எந்தக் கணிதப் பாடங்களை எடுப்பது?

மல்லேஸ்வரம் மாணவி:

வணக்கம். பெங்களூருவில் இயற்பியலும் கணிதமும் சேர்ந்த இளநிலைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். ஆய்வு நிறுவனங்களில் சேர்வதற்கான ஜெஸ்ட், டிஐஎஃப்ஆர் நுழைவுத் தேர்வுகளை எழுதி, கோட்பாட்டு இயற்பியலில் ஆய்வுக்குச் செல்ல விரும்புகிறேன். திண்மநிலை இயற்பியலா பொதுச் சார்பியலா என்பது இன்னும் முடிவாகவில்லை. நேரியல் இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் முடித்துவிட்டேன். இனி கலப்பெண் பகுப்பாய்வு, சமச்சீர்மையை ஆராயும் குலக் கோட்பாடு, முடிவிலாப் பரிமாண வெளிகளை ஆராயும் ஃபங்ஷனல் அனாலிசிஸ், வளைந்த பரப்புகளை ஆராயும் வகையீட்டு வடிவியல் ஆகிய நான்கில் இரண்டைத்தான் எடுக்க இயலும். எந்த இரண்டை எடுக்கலாம்? தேற்றங்களை நிறுவும் வகுப்புகள் இயற்பியலாளருக்குத் தேவையில்லை என்று சீனியர்கள் சொல்வது சரியா?

ஹெசரகட்டா ஆய்வாளர்:

உங்கள் நிலையில் கலப்பெண் பகுப்பாய்வையும் குலக் கோட்பாட்டையும் எடுப்பதே நல்லது. முன்னதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. கலப்பெண் தளத்தில் ஒரு பாதை வழியே தொகையிடும் கான்டூர் தொகையிடல் நுழைவுத் தேர்வுகளுக்கும் உதவும். பின்னர், ஒரு புள்ளியில் தரும் தூண்டலுக்கு அமைப்பின் எதிர்வினையைச் சொல்லும் கிரீன் சார்புகளைக் கையாளும்போது அன்றாடம் தேவைப்படும்.

குலக் கோட்பாட்டைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். தனித்திருக்கும் ஓர் அணுவில் ஐந்து டி ஆர்பிட்டால்களுக்கும் (ஒருவகை எலக்ட்ரான் நிலைகள்) ஆற்றல் ஒன்றுதான். அந்த அணுவைச் சுற்றி ஆறு அண்டை அணுக்களை எண்முகியின் உச்சிகளில் வைத்தால், அந்த ஐந்தும் மூன்று, இரண்டு என இரு மட்டங்களாகப் பிரியும். ஒரு தொகையிடலும் செய்யாமல், எண்முகிக் குலத்தின் (எண்முகியை மாறாமல் வைக்கும் சுழற்சி, பிரதிபலிப்புகளின் தொகுப்பு) கேரக்டர் அட்டவணையை, அதாவது அதன் பண்புகளைச் சுருக்கித் தரும் எண் அட்டவணையை, மட்டும் வைத்துக்கொண்டு இதை அரைப்பக்கத்தில் காட்டிவிடலாம். நீர்க்கரைசலில் மூன்று நேர் மின்சுமை கொண்ட டைட்டானியம் அயனி ஊதாவாகத் தெரிவது, அந்த இரு மட்டங்களுக்கு இடையே எலக்ட்ரான் தாவுவதால்தான். பிரிவின் அளவைக் குலக் கோட்பாடு சொல்லாது. அது எத்தனையாகப் பிரியும் என்பதைத்தான் சொல்லும். துகள் இயற்பியலிலும் இதே கருவிதான்: 1964-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒமேகா மைனஸ் துகள் இருந்தாக வேண்டும் என்பது சமச்சீர்மையிலிருந்தே முன்கூட்டிச் சொல்லப்பட்டது.

ஆனால் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். முடிவுள்ள குலங்களின் உட்குலங்களைப் பற்றிய சைலோ தேற்றங்களோடு நின்றுவிட்டு, குலத்தின் உறுப்புகளை அணிகளாக எழுதும் ரெப்ரசன்டேஷன் பக்கமே வராத வகுப்பென்றால் உங்களுக்குப் பயன் குறைவு.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆயினும் ஃபங்ஷனல் அனாலிசிஸுக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இடத்துக்கும் உந்தத்துக்கும் உரிய இரு அணிகளை வரிசை மாற்றிப் பெருக்கினால், கிடைக்கும் வேறுபாடு அலகு அணியின் சுழியல்லாத ஒரு மடங்காக இருக்க வேண்டும் என்கிறது குவாண்டம் இயக்கவியல். முடிவுள்ள அணிகளில் இது நடக்காது. எந்த வரிசையில் பெருக்கினாலும் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை மாறாமல் இருப்பதால், வேறுபாட்டின் கூட்டுத்தொகை சுழியாகிவிடும். அலகு அணியின் அத்தகைய மடங்குக்கோ அது சுழியல்ல. ஆகவே முடிவிலாப் பரிமாணம் இங்கே தவிர்க்க இயலாதது. அங்கே அணிகளின் இடத்தைப் பிடிக்கும் ஆபரேட்டர்களில் எது எந்தச் சார்புகளின் மீது செயல்படுகிறது என்று கேட்காமல் ஓரடியும் வைக்க முடியாது.

தேற்றங்கள் தேவையில்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். ஒரு விதி எந்த நிபந்தனையில் உடைகிறது என்பதை நிறுவல்தான் கற்றுத்தருகிறது. ஆய்வுக்கு வந்தபின் அந்தப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது மிகக் கடினம்.

மல்லேஸ்வரம் மாணவி:

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் பொதுச் சார்பியலுக்கு வகையீட்டு வடிவியலை விட்டுவிடலாமா?

ஹெசரகட்டா ஆய்வாளர்:

இப்போதைக்கு விடலாம். இளநிலையில் இப்பாடம் பெரும்பாலும் முப்பரிமாண வெளியிலுள்ள வளைகோடுகளோடும் பரப்புகளோடும் முடிந்துவிடுகிறது. காஸ் வளைவைப் புரிந்துகொள்ள அது அருமையான பாடம். ஆனால் சார்பியலுக்கு வேண்டிய மேனிஃபோல்டுகளையும் (எத்தனை பரிமாணமும் கொண்ட வளைந்த வெளிகள்) டென்சர்களையும் (வெக்டர்களின் பொதுமையாக்கம்), சார்பியலை நடத்தும் இயற்பியல் ஆசிரியரே தேவையான அளவுக்குச் சொல்லித்தருவார். ஐன்ஸ்டீன்கூட, தேவை வந்தபோதுதான், நண்பர் மார்செல் கிராஸ்மனின் துணையோடு ரிச்சி, லெவி-சிவிட்டா ஆகியோரின் கணிதத்தைக் கற்று, 1915-இல் தம் சமன்பாடுகளை நிறைவு செய்தார்.

ஐயா சொன்ன ஃபங்ஷனல் அனாலிசிஸை, ஆசிரியர் இசைந்தால், மதிப்பெண் இல்லாமல் உடனிருந்து கேளுங்கள். குவாண்டம் நிலைகள் வாழும் ஹில்பர்ட் வெளியும், அணிகளின் ஐகன் மதிப்புகளை ஆபரேட்டர்களுக்குப் பொதுமையாக்கும் ஸ்பெக்ட்ரல் தேற்றமும் நடக்கும் வாரங்களை மட்டும் தவறவிடாதீர்கள்.